கேடயம் உடைக்க ஆள் தேடிய பிரபு

எண்பதுகளின் நடுவில் லண்டன் மோர்டனில் இருந்த முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. குளிப்பாட்டுவது, சவரம் செய்துவிடுவது, கட்டிலில் புரட்டிப் படுக்க வைப்பது. ஊரில் கணக்குப் படிப்பித்தவன் நான். முதல் வாரம் முழுவதும் அறைக்குத் திரும்பியதும் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். பிறகு பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்வது? அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருக்கிறவன் வேலையைப் பார்த்து முகம் சுளித்தால் யார் சோறு போடுவார்கள்?

அந்த இல்லத்தின் மாடியில், தோட்டத்தைப் பார்த்த அறையில், பால்டிக் கடலோரத்துப் பிரபு ஒருவர் இருந்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அசல் பிரபு. அவர் பிறந்த நாடு யுத்தத்துக்குப் பிறகு வேறு யாருடைய நாடாகவோ ஆகிவிட்டது. கோட்டை இருந்த இடத்தில் மாட்டுக்கொட்டில் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தார். ஆனாலும் இரவுச் சட்டையோடு யார் முகத்திலும் விழிக்கமாட்டார். மேலே ஒரு கோட்டு மாட்டிவிட்ட பிறகுதான் காலை வணக்கமே சொல்வார். சமையலறையில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா அவருக்கு வைத்த பெயர் ராசா.

“தம்பி, ராசாவுக்கு முட்டை அவிச்சாச்சு, கொண்டுபோய்க் குடு. கொஞ்சம் கூட அவிஞ்சாலும் திருப்பி அனுப்பிப்போடுவார். பரம்பரைக் குணம்.”

ராசாவின் சுவரில் இரண்டு பொருட்கள்தான் இருந்தன. ஒன்று வம்ச மரம் வரைந்த படம். நாங்கள் பூட்டனை மேலே எழுதிப் பிள்ளைகளைக் கீழே இறக்குவோம். அவர்களுடையது தலைகீழ். முதல் மூதாதை இரும்புச் சட்டையோடு அடியில் மல்லாந்து படுத்திருக்க, அவருடைய வயிற்றிலிருந்து மரம் முளைத்து மேலே போகிறது. மனிதருக்கு என்ன அஜீரணமோ என்று எனக்குள் சிரித்தேன். ஆண்பிள்ளைகள் கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் சின்னக் கேடயம் ஒன்று. பெண்பிள்ளைகள் இலைகள். இலையிலிருந்து ஒன்றும் முளைப்பதில்லை. மற்றப் பொருள் ஒரு பழைய மரக்கேடயம். நீல நிறத்தில், ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளை நாரை. அதுதான் குடும்பத்தின் அடையாளம்.

சவரம் செய்யும்போது கதை சொல்வார். கன்னத்தில் சோப்பு நுரையோடு நூற்றாண்டுகளைத் தாண்டிப் போவார். எல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் என் தமிழில் எழுதுகிறேன். வயிற்றில் மரம் முளைத்தவர் சிலுவை வீரர்களோடு குதிரையில் வந்து, அங்கே இருந்த சனத்தை வெட்டி நிலம் பிடித்தவர். “அரசர் எங்களுக்கு நிலம் கொடுத்தார்” என்பார் பிரபு. யாருடைய நிலத்தை என்று கேட்டால் தண்ணீர் போதிய சூடில்லை என்பார். பின்னால் வந்த ஒருவர், நிலம் கையைவிட்டுப் போகாமலிருக்க, ஆளும் அரசர் மாறும்போதெல்லாம் மதம் மாறினார். அண்ணனும் தம்பியும் ஒரு மாவரைக்கும் ஆலைக்காக வாளெடுத்து, தம்பி செத்துப்போனான். எங்கள் ஊர் வேலிச் சண்டைகள் எனக்கு ஞாபகம் வந்தன. கொள்ளைநோய் வந்து ஆண்களெல்லாம் போய்ச் சேர, விதவை ஒருத்தி கைக்குழந்தையோடு கோட்டையையும் குடிகளையும் காப்பாற்றினாள். “அவள் இல்லையென்றால் நாங்கள் இல்லை” என்று அவரே சொன்னார். படத்தில் தேடிப் பார்த்தேன். அவளும் ஓர் இலைதான்.

மரத்தின் உச்சியில் தனியாக ஒரு கிளை. அது பிரபுவினுடையது. அவருடைய தமையன்மார் இருவரும் யுத்தத்தில் செத்திருந்தார்கள். அவருடைய கிளையில் ஓர் இலைகூட இல்லை.

ஒரு நாள் சவரம் முடிகிற நேரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்ததாம். ஒரு பிரபு குடும்பத்தின் கடைசி ஆண் இறந்தால், புதைகுழிக்குப் பக்கத்தில் வைத்து அந்தக் குடும்பத்தின் கேடயத்தை உடைத்து, துண்டுகளை அவரோடு போட்டு மூடவேண்டும். உடைப்பவர் குடும்பப் பெயரைச் சொல்லி, “இன்றைக்கு இவர், இனி ஒருபோதும் ஒருவரும் இல்லை” என்று உரக்கச் சொல்லவேண்டும். அப்போதுதான் குடும்பம் மரியாதையாக முடியும்.

“செய்வாயா?” என்று கேட்டார். “எனக்கு வேறு ஆள் இல்லை.”

நோயாளி கேட்டால் ஓம் என்று சொல்வதுதானே என் உத்தியோகம். ஓம் என்றேன். அந்த வாக்கியத்தை அவருடைய மொழியில் சொல்லித்தந்து, நாக்கு வளையும்வரை தினமும் ஒப்புவிக்க வைத்தார். பிழைவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயம், நாற்பது தாண்டிய பெண்மணி ஒருவர் வாசலுக்கு வந்தார். கம்பளிக் காலுறையும் பாதாம் இனிப்பும் வைத்த பொதியை மேலாளர் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மாடிப்படியை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார். அவருடைய மூக்கைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். அந்த மூக்கைச் சுற்றித்தானே தினமும் கத்தி பிடிக்கிறேன்.

“மகள்” என்றார் மேலாளர் அம்மா. “ஒவ்வொரு வருடமும் வருவார். மேலே வரக்கூடாது என்பது அப்பாவுடைய உத்தரவு. மகள் பஸ் ஓட்டுநர் ஒருவரைக் கல்யாணம் செய்தவர்.”

பிரபுவிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோல நிதானமாகச் சொன்னார். தகுதியில்லாத இடத்தில் கட்டியவர் குடும்பத்துக்கு வெளியே. இது அவர் போட்ட சட்டமில்லை, அவருக்கு முன்னால் வந்த எல்லோரும் போட்டது. “எனக்கு மகள் இல்லை” என்றார். சொல்லிவிட்டு மகள் கொண்டுவந்த பாதாம் இனிப்பில் ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தி கழுவவேண்டும் என்று சாக்குச் சொல்லிக் கீழே போய்விட்டேன்.

சமையலறையில் அக்காவிடம் என் வீட்டுக் கதையைச் சொன்னேன். என் தங்கை, “ஆற்றை ஆக்கள்” என்று சாதி கேட்டு எங்கள் சொந்தக்காரர் உதட்டைப் பிதுக்கிய ஒருவனோடு போனவள். ஐயா, தன் மகளே இல்லை என்று அவளைத் தலைமுழுகினார். நான் லண்டன் வந்த பிறகு ஐயா கண்ணை மூடினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முன்பே தெரிந்திருந்தாலும் போயிருக்க முடியாது. வழக்கு முடியாமல் இந்த நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர வழியில்லை. பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த தங்கையை ஐயாவின் முகம் பார்க்க விடவில்லை. வீட்டுப் படலைக்கு வெளியே நின்று அழுதுவிட்டுப் போனாளாம். இத்தனை ஆயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு நான் யாருடைய சட்டையைப் பிடித்துக் கேட்பது?

அக்கா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. “அப்ப ராசாவும் எங்கடை ஆக்கள்தான். தோல்தான் வெள்ளை” என்றார்.

அடுத்த மாரிக் குளிரில் பிரபுவின் நெஞ்சில் சளி கட்டியது. இனி அதிக நாள் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு நிற்க இருக்க முடியவில்லை.

“மகளைக் கூப்பிடு தம்பி. சாகக் கிடக்கிற தேப்பன் பிள்ளையின்ரை முகத்தைக் கண்டால் இளகாமல் இருக்க ஏலாது. அந்தப் பிள்ளை தன்ரை கையாலை பால் பருக்கட்டும். எல்லாம் சரிவரும், நீ இருந்து பார்.”

எங்கள் ஊரில் உயிர் போகிற நேரம் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக ஒரு கரண்டி பால் பருக்குவார்கள். பால் உள்ளே இறங்கினால் எந்தப் பகையும் முடிந்தது. பால்டிக் கடலோரத்துக்கும் இது பொருந்தும் என்று நானும் நம்பினேன். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். மேலாளர் அம்மாவிடம் கெஞ்சித் தொலைபேசி எடுக்க வைத்ததே நான்தான்.

மகள் உடனே வந்தார். பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை. மாற்றவும் நேரமில்லாமல் அந்த நீல மேலங்கியோடே வந்திருந்தார். அக்கா இளஞ்சூடாகப் பால் ஆற்றி, கரண்டியையும் கையில் கொடுத்து, தன் உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினார். மகளுக்கு முழுக்க விளங்கியதோ தெரியாது. விளங்காமலே தலையாட்டிவிட்டு மேலே போனார். நானும் அக்காவும் கதவோரத்தில் நின்றோம்.

முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. பிரபு கண்ணைத் திறந்து மகளுடைய முகத்தை நெடுநேரம் பார்த்தார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“நன்றி, மிஸ்” என்றார் பிரபு. எங்களுக்கெல்லாம் சொல்கிற அதே குரல்.

அடையாளம் தெரியவில்லையா, தெரிந்துகொண்டே சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மகள் கரண்டியை மேசையில் வைத்தார். அப்பாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். “பரவாயில்லை, சார்” என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றும் பேசாமலே பிரபு போய்ச் சேர்ந்தார். சமையலறையில் அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “நான் என்ரை வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இடுகாட்டுக்கு நாங்கள் கொஞ்சப்பேர்தான் போனோம். அவர்களுடைய சபைப் போதகர், மேலாளர் அம்மா, அக்கா, நான், மகள். கேடயத்தைக் கடைப் பை ஒன்றில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். சுத்தியலை இல்லத்தின் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தேன். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கிய பிறகு போதகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கேடயத்தைக் குழியோரத்துப் பலகை மேல் வைத்தேன். சுத்தியலை ஓங்கினேன். வாயைத் திறந்தேன்.

வரவில்லை. எத்தனை நாள் ஒப்புவித்த வாக்கியம்! கண்ணெதிரே அவர் பெற்ற பிள்ளை நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு, இனி ஒருவரும் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் விட்டால் குழிக்குள் கிடக்கிறவருக்குக் கொடுத்த வாக்கு என்னாகும்? சுத்தியல் அந்தரத்தில் நின்றது. போதகர் இருமினார்.

மகள் பக்கத்தில் வந்தார். “என்னிடம் தாருங்கள்” என்றார். “உங்களுக்கு ஏன் இந்தக் கஷ்டம்? நாங்கள் யுத்தத்தில் தப்பி ஓடிவந்தபோது நான் கைக்குழந்தை. வண்டியில் ஈரம் படாமல் என்னை இந்தக் கேடயத்தின் மேல்தான் கிடத்தி வந்ததாக அம்மா சொல்வார்.”

முழங்காலிட்டு அடித்தார். முதல் அடியில் நீலச் சாயம்தான் உதிர்ந்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். கேடயம் நாரையின் கழுத்தில் பிளந்தது. எழுந்து நின்று, அந்த மொழியில், அந்த வாக்கியத்தைச் சொன்னார். நான் தினமும் தடக்குப்பட்ட சொற்கள் அவருடைய வாயில் தடையில்லாமல் வந்தன. குடும்பப் பெயர் வந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் உடைந்தது. கல்யாணம் செய்யும்வரை அவருடைய பெயரும் அதுதானே. துண்டுகளைக் குனிந்து குழிக்குள் போட்டார். “ஐயோ பிள்ளை” என்று அக்கா முனகியது எனக்குக் கேட்டது.

கோட்டில் கையைத் துடைத்துவிட்டு மகள் சுத்தியலை என்னிடம் நீட்டினார். கண் கலங்கியிருக்கவில்லை.

“அவர் உண்மையாகவே கடைசி ஆள் என்றால், இதைச் செய்ய இன்றைக்கு அவருடைய ஆள் ஒருவரும் இருந்திருக்கக் கூடாது, இல்லையா?” என்று கேட்டார்.

நான் சுத்தியலை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.