டோக்கன் வளையம் பிடித்த கை

பிரம்பும் எண்ணெயும் பழந்தோலும் கலந்த ஒரு மணம் அப்பாவின் காக்கிச் சட்டையில் எப்போதும் இருக்கும். குழித்துறை ரயில் நிலையத்தில் அவர் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். நிற்காமல் போகும் வண்டிக்காக, டோக்கன் உருண்டை வைத்த தோல்பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி, பிளாட்பாரத்து ஓரத்தில் தூக்கிப் பிடித்து நிற்பார். ஓடுகிற எஞ்சினிலிருந்து டிரைவர் கையை நுழைத்து அதைப் பறித்துக்கொண்டு போவார். அந்த உருண்டை இல்லாமல் ஒற்றைத் தண்டவாளத்தில் எந்த வண்டியும் அடுத்த நிலையத்துக்குப் போகக்கூடாது என்பதால், அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட எனக்கு ஆசையான ஆசை. கிட்டே போனாலே, "ஏட்டி, மாறி நில்லு" என்பார்.

நான் பள்ளி முடிக்கும் முன்பே அப்பா இறந்துபோனார். வீட்டில் கல்யாணப் படம் இருக்கிறது. வளையத்தோடு நிற்கிற அப்பா எந்தப் படத்திலும் இல்லை. அதற்காகவே, பழைய ரயில் சாமான்களின் படங்களைப் பகிரும் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஒரு சிக்னல் கம்பத்து ஆணிக்காக நாள் முழுக்கச் சண்டை போடும் நல்ல மனிதர்கள். ஆனால் படத்தில் ஆள் நின்றால் அது "இடைஞ்சல்", வெட்டிவிட்டுத்தான் போடுவார்கள்.

போன மாதம் குழித்துறைப் படம் ஒன்று வந்தது. எஞ்சின், வளையம், அதைப் பிடித்த கை. தோளோடு வெட்டியிருந்தார்கள். அப்பாவைப் போலவே சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிய கை. வளையம் பிரம்பா இரும்பா என்று குழுவில் வாக்குவாதம் நடந்தது; கை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கோ அது அப்பாவின் கையாகவே தோன்றியது. படம் எடுத்த நாகர்கோவில்காரரிடம் முழுப்படத்தைக் கெஞ்சி வாங்கினேன்.

பெரிய மீசை வைத்த வேறொருவர். அழுகையே வந்துவிட்டது.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "இது ஒனக்க அப்பா இல்ல மக்கா. கூட வேல பாத்த நம்ம ஞானமுத்து அண்ணன்லா!"

அவருடைய மகள் மார்த்தாண்டத்தில் தையல்கடை வைத்திருக்கிறாள். படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு வெகுநேரம் பார்த்தவள், வெட்டிய கதையைக் கேட்டதும், "அப்பாக்க மொகத்த எதுக்குக்கா வெட்டினாவ?" என்றாள்.

அதையே குழுவில் எழுதினேன். இப்போது நிலையத்தில் வளையமும் இல்லை, உருண்டையும் இல்லை. பொத்தானை அமுக்கினால் சிக்னல் விழுகிறது. ஆனால் குழுவில் வெட்டாத படங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன: கடப்பாரையோடு நிற்பவர்கள், டிராலி தள்ளுபவர்கள், சிக்னல் விளக்குத் துடைப்பவர். ஒவ்வொரு படத்தின் கீழும் யாராவது ஒருவர் "இது யாரு?" என்று கேட்கிறார்.

நானும் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அப்பா இன்னும் வரவில்லை.