பெருவிரல் நகம்

ஜோர்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனை. சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்க்கும் பிரிவில் அவர் எனக்குப் பக்கத்து நாற்காலி. கறுப்புக் கண்ணாடி, தேய்த்த முழுக்கைச் சட்டை. வலது காலைத் தொடைமேல் தூக்கிப்போட்டு, பெருவிரல் நகத்தை அழுத்துவார், விடுவார், மறுபடியும் அழுத்துவார்.

“தம்பி, கொஞ்சம் பாருங்க லா. சிவக்குதா?”

அவருக்குக் கண் தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது.

“கேப்பிலரி போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. முடி மாதிரி ரத்தக்குழாயாம். மொதல்ல கண்ணுல போச்சு, இப்போ கால்ல. அழுத்தி விட்டா நகம் சிவக்கணும். இல்லன்னா கால எடுக்கணுமாம்.”

பள்ளியில் ‘தந்துகி’ என்று மனப்பாடம் செய்த சொல். அது கெட்டால் மனிதனை இப்படி ஓரங்களிலிருந்து தின்னும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

விரலை எடுத்தார். நகம் வெளுத்தே கிடந்தது. நான் குனிந்து இன்னொரு முறை பார்த்தேன்.

“சரி லா தம்பி,” என்றார் மெதுவாக.

அவர் மகள் காப்பியோடு வந்தாள். மறுபடி அழுத்திக் காட்டி, “சிவக்குதாம்மா?” என்று கேட்டார்.

“நல்லா சிவக்குதுப்பா,” என்றாள், காப்பியை ஆற்றியபடியே.

“சந்தோஷம்மா,” என்றார். கறுப்புக் கண்ணாடி மட்டும் என் பக்கமே திரும்பியிருந்தது.