ஜமைக்காவும் அத்தையின் சுவரும்

எனக்கு என் மேலேயே இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. அது ஒரு ஜெர்மன் வார்த்தையில் தொடங்கியது.

நான் ஏழாவது படித்தபோது சிதம்பரத்தில் வார்டு தேர்தல் வந்தது. பதினைந்து வருஷம் கட்சிக்கொடி பிடித்த அத்தைக்குத்தான் சீட்டு என்று தெருவே சொன்னது. அவளும் எங்கள் வீட்டுப் பக்கச்சுவரில் சுண்ணாம்பு அடித்து, நீலத்தில் தன் பெயரை ஆளுயரத்துக்கு எழுதிவிட்டாள்.

அந்த வாரம்தான் அண்ணாமலை நகர் நூலகத்தில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு சங்கதி கொண்டுவந்தார். ஜெர்மனியில் ஒரு கட்சிக்குக் கருப்பு, இன்னொன்றுக்கு மஞ்சள், மற்றதற்குப் பச்சை நிறம். போன வருஷத் தேர்தலுக்குப் பின் மூன்றும் சேருமா என்று பேச்சு வந்ததாம். ஜமைக்கா நாட்டுக் கொடியிலும் அதே நிறங்கள் என்பதால், அந்தக் கூட்டணியையே 'ஜமைக்கா' என்றார்களாம்.

"கடைசீல சேரவே இல்ல. புள்ள பொறக்கறதுக்குள்ள பேரு வச்ச கதைதான்" என்று சிரித்தார் மாமா.

மறுநாள் காலை நகரச் செயலாளர் வந்தார். கூட வந்தவர்கள் ஒரே கழியில் மூன்று கட்சிக் கொடிகளைக் கட்டியிருந்தார்கள். எங்கள் வார்டு கூட்டணிக் கட்சி ஒன்றுக்குப் போய்விட்டது. அந்தக் கட்சியில், போன தேர்தலில் அத்தையின் கொண்டையைப் பிடித்து இழுத்தவளுக்கே சீட்டு.

"கூட்டணி தர்மம்மா. சுவத்த நீயே அழிச்சிட்டா மரியாதை."

"ஊரு கூடித் தேரு இழுக்கணும்பீங்க. இழுத்தவள எப்பய்யா தேர்ல ஏத்துவீங்க? நான் சுயேச்சையா நிக்கிறேன், போய்யா!"

தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அத்தை பின்னால் நின்றார்கள். செயலாளர் முகம் வெளுத்தது. எனக்கோ நாக்கு அரித்தது. அந்தக் கழியைக் காட்டி, "இந்த மூணு கொடியையும் சேத்தா எந்த நாட்டுக் கொடி மாதிரி வரும்?" என்று கேட்டு, ஜமைக்கா கதையை முழுசாகச் சொன்னேன்.

செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். பெண்களும் சிரித்துவிட்டார்கள். சிரித்த வாயோடு எப்படிச் சண்டை போடுவது? ஒவ்வொருத்தியாக அடுப்பைப் பார்க்கப் போனாள். "பாப்பாவுக்குப் புரியுது, உனக்குப் புரியலையே" என்று அந்த ஆள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த சுண்ணாம்பு வாளியை அத்தை காலடியில் வைத்தார்.

அத்தை என்னை அடிக்கவில்லை. சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை வாளியில் நனைத்துத் தன் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து அழித்துக்கொண்டு வந்தாள்.

ஊரே சிரித்த என் பேச்சுக்கு இவள் மட்டும் சிரிக்கவில்லையே என்று, ஒரு வாரம் நான் அத்தையோடு பேசவில்லை.