சுருக்கு அறுக்கும் பேச்சியம்மா

“அசையாத சாமி. நீ அசைஞ்சா கம்பி இன்னும் உள்ளதான் போகும்” என்று சொல்லிக்கொண்டே பேச்சியம்மா நாயின் தோளை முழங்காலால் அழுத்துகிறார். இடது கையின் இரண்டு விரல்கள் கழுத்துச் சதைக்கும் கம்பிக்கும் நடுவே நுழைந்துவிட்டன. வலது கையில் குறடு. நாய் அவருடைய மணிக்கட்டைக் கவ்விக்கொண்டிருக்கிறது. கடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. “கவ்விக்க, கவ்விக்க. ஒனக்கும் புடிச்சுக்க ஏதாச்சும் வேணும்ல” என்கிறார். டக்கென்று ஒரு சத்தம். கம்பி அறுந்த பிறகும் நாய் ஓடவில்லை. தேயிலைச் செடிகளுக்கு இடையே மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் உட்கார்ந்து, இனி எந்தப் பக்கம் திரும்பலாம் என்று தெரியாததுபோலத் தலையை மெல்ல ஆட்டிப் பார்க்கிறது.

நோர்வூட்டுக்கு மேலே ஏறிப் போகும் பாதையில் உள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் பேச்சியம்மா. வயது ஐம்பதை நெருங்குகிறது. இரண்டு மகள்களும் கொழும்பில் தையல் ஆலையில் இருக்கிறார்கள். லயத்துக் காம்பராவில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறையில், அவரும் கணவர் அழகனும்தான். காம்பராவுக்குப் பின்னால், பழைய தகரத்தாலும் பலகையாலும் அடித்த ஒரு கொட்டில். அதற்குள் எப்போதும் ஏதாவது ஒன்று கட்டுப்போட்டபடி படுத்திருக்கும்: காலொடிந்த நாய், லொறியில் அடிபட்ட பூனை, ஒருமுறை கழுத்து திரும்பாத ஆடு.

அவற்றுக்கு அவர் வைக்கும் பெயர்கள் விசித்திரமானவை. சீமெந்துப் பைக்குள் கட்டி எறியப்பட்டிருந்த குட்டிக்குச் சீமெந்து என்று பெயர். பஸ் ஹோல்ட் என்கிற தரிப்பிடத்தில் கிடைத்தது ஹோல்ட். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் கிடைத்தவள் மடுவம். “நல்ல பேரா வைக்கக் கூடாதாக்கா?” என்று கேட்டேன். “எங்க கெடந்துச்சுங்கறத நாம மறந்துட்டா, போட்டவனுக்குச் சொகமாப் போயிரும் தம்பி” என்றார்.

நான் அங்கே முதலில் போனது நிரோஷனோடு. அவன் மிருக வைத்தியன். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, சம்பளமில்லாமல், தோட்டம் தோட்டமாகப் போய் நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுகிறவன். நான் அவனுக்கு நாய் பிடித்துக் கொடுப்பேன். அதைப்பற்றிப் பத்திரிகைக்கும் எழுதுவேன். இடையில் ஏதாவது அவசரமென்றால் பேச்சியம்மா நிரோஷனுக்குப் போன் எடுப்பார். அவன் என்ன மருந்து, எவ்வளவு என்று குரலைப் பதிவு செய்து அனுப்புவான். அந்தப் பதிவை அவர் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் அது முடியும்போது போனைப் பார்த்துச் சத்தமாக “சரிங்க டொக்டர்” என்பார்.

“மனுசனுக்கே மருந்தில்ல, இவ நாய்க்கு ஊசி போடுறா” என்று லயத்தில் பேசுவார்கள். பேச்சியம்மாவின் காதில் விழுந்தால் ஒரே பதில்தான்: “மனுசனுக்கு மருந்து கேக்க வாய் இருக்குல்ல, கேளு.”

அழகன் அதிகம் பேசாதவர். முதுகில் அடிபட்டுத் தோட்ட வேலையை விட்டு, இப்போது கிடைத்த கூலி வேலைக்குப் போகிறார். நாய்களைத் தொடமாட்டார். ஆனால் கொட்டிலைக் கட்டியது அவர்தான். மழையில் ஒழுகினால் சொல்லாமலே ஏறி அடைப்பார். நாங்கள் போகும்போதெல்லாம் பால் விடாத சாயத் தேநீர் ஊற்றி, சீனியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சியம்மா தேயிலை முடிந்து காடு தொடங்கும் ஓரத்துக்குப் போவார். அங்கே காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குகள் இருக்கும். மோட்டார் சைக்கிளின் பழைய கிளட்ச் வயரில் வளையம் போட்டு மரத்தில் கட்டிவிடுவார்கள். பன்றி விழுந்தால் கறி. ஆனால் கம்பிக்குப் பன்றி எது, நாய் எது என்று தெரியாது. அவரோடு நானும் சில ஞாயிறுகள் போயிருக்கிறேன். நான் காலடியைப் பார்த்துப் பார்த்து ஒன்றையும் காணாமல் நடப்பேன். அவர் கடைக்குப் போகிறவர்போல நேராக நடந்து, ஒரு செடியை விலக்கி, குனிந்து, அறுத்துவிட்டு நிமிர்வார். “எப்படி அக்கா கண்டுபிடிக்கிறீங்க?” என்றால் சிரிப்பார். “கால் கூட்டிட்டுப் போகுது.”

இதை நான் எழுதினேன்; அச்சிலும் வந்தது.

இந்த ஆவணியில் பேச்சியம்மாவுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அவர் வீடு திரும்பிய மறுநாள், ஞாயிறு, நானும் நிரோஷனும் ஊசி போடப் போனோம். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, எந்த நாய்க்குப் போட்டாயிற்று, எதற்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலை மழை விட்டிருந்தது. அப்போது விறகுக்குப் போன ஒரு பெண் தலைச்சுமை இல்லாமல் ஓடிவந்தாள்.

“பேச்சிக்கா, மேமலைல என்னமோ உறுமுது. நாயில்லக்கா. நாயில்ல.”

பேச்சியம்மா எழுந்தார். கம்பளி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. காய்ச்சலில் எழுந்து நிற்கவே முடியாமலிருந்தவர், எங்களுக்கு முன்னால் அந்த ஏற்றத்தை ஏறினார்.

அது ஒரு சிறுத்தை. இடுப்பில் சுருக்கு விழுந்து, கம்பியின் மறுமுனை சவுக்கு மரத்தில் கட்டப்பட்டிருந்தது. மரத்தைச் சுற்றிக் கம்பி எட்டும் தூரம்வரை ஒரு புல்கூட இல்லை. மண் உழுததுபோல் கிடந்தது. எட்டிய தேயிலைச் செடிகளெல்லாம் குச்சிகளாகக் கடிக்கப்பட்டிருந்தன. அதன் பின்னங்கால்கள் அசையவில்லை. முன்னங்கால்களால் எழ முயன்று, எங்களைப் பார்த்து, வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. எனக்கு ஓடவும் தோன்றவில்லை, பார்வையைத் திருப்பவும் முடியவில்லை.

பேச்சியம்மா சிறுத்தையைப் பார்க்கவில்லை. மரத்தில் போட்டிருந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிரோஷன் வனஜீவராசிகள் அதிகாரிகளுக்குப் போன் எடுத்தான். அவர்கள் உடனே கிளம்பினார்கள். ஆனால் அந்த மலைப்பாதையில் எவ்வளவு விரைந்தாலும் வந்துசேர மதியமாகிவிடும். அதற்குள் லயம் முழுக்க மேலே வந்துவிட்டது. எல்லார் கையிலும் போன். படம் எடுக்க எடுக்க வட்டம் நெருங்கியது. சிறுத்தை மறுபடி எழ முயன்றது. கம்பி இன்னும் இறங்கியது.

“ஒங்க வீட்டுல ஒருத்தி புள்ள பெக்கறப்ப இப்பிடித்தான் போனப் புடிச்சிக்கிட்டு நிப்பீங்களா?” பேச்சியம்மா அவர்களை நோக்கித் திரும்பினார். “போங்க. செடிக்கு அங்குட்டுப் போங்க. அது கண்ணுல படாம ஒக்காருங்க.”

போனார்கள். அவர் மட்டும் தூரத்தில், ஈர மண்ணில் உட்கார்ந்தார். அதிகாரிகள் வரும்வரை தாழ்ந்த குரலில் “வந்துருவாங்க தாயி, வந்துருவாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வந்தார்கள். மயக்க ஊசியைத் தூரத்திலிருந்து செலுத்தினார்கள். நிரோஷனும் சேர்ந்து கம்பியை அறுத்தான். கம்பி தோலுக்குள் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அறுத்துக்கொண்டிருக்கும்போதே சிறுத்தையின் மூச்சு நின்றது. நிரோஷன் அதன் வயிற்றில் கைவைத்து, எடுத்து, விரல்களைப் பார்த்தான். பால்.

“குட்டி இருக்கு” என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

அதிகாரிகளில் மூத்தவர் கூட்டத்தைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: “மேக தெம்மே கவுத?” இதைப் போட்டது யார்? எல்லோரும் அவரவர் காலைப் பார்த்தார்கள்.

“மகே மஹத்தயா” என்றார் பேச்சியம்மா.

அதிகாரிக்குப் புரியவில்லை. சிங்களத்தில் ‘மகே’ என்றால் என்னுடைய, ‘மஹத்தயா’ என்றால் ஐயா; கணவனையும் அப்படித்தான் சொல்வார்கள். தன்னை ஐயா என்று அழைக்கிறார், மேலே ஏதோ சொல்லப்போகிறார் என்று அவர் காத்திருந்தார். பேச்சியம்மா எழுந்து, கையை நீட்டி, தமிழில் சொன்னார்.

“என் புருசன். அந்தா நிக்கிறாரே, அவரு.”

அழகன் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றார். ஓடவில்லை. தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். எனக்கு அப்போதும் இது ஏதோ தவறு என்றுதான் பட்டது. சீனிக் கிண்ணம் கொண்டுவந்து வைக்கும் மனிதர். கொட்டிலுக்குக் கூரை போட்டவர்.

“நான் காய்ச்சல்ல கெடக்கேன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?” என்று கேட்டார் பேச்சியம்மா.

“தெரியும்.”

“பெறகு?”

அழகன் யோசித்தார். உண்மையான பதிலைத் தேடுகிறவர்போலத்தான் இருந்தது. “வெள்ளிக்கெழம வந்துச்சு. கை தானா சுருக்கப் போட்டுருச்சு பேச்சி. ஞாயித்துக்கெழம அறுக்க நீ இல்லைங்கறது நெனப்புல வரல.”

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். சிறுத்தையையும் ஏற்றினார்கள், வேறொரு வண்டியில்.

திரும்பும் வழியில் நிரோஷன்தான் வண்டியை ஓட்டினான். நோர்வூட் கடைத்தெருவுக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி இறங்கினான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டான்: “அப்போ நான் இத்தனை நாளா தையல் போட்டதெல்லாம் அவர் சுருக்குல விழுந்ததா?”

அதை நான் பேச்சியம்மாவிடமே கேட்டேன், அடுத்த வாரம். அவர் மறைக்கவில்லை. பல வருஷமாக அப்படித்தான் என்றார்.

“நிறுத்துங்கன்னு அழுதுருக்கேன். பட்டினி கெடந்துருக்கேன். கேக்கல. பெறகு ஒரு பேச்சுக்கு வந்தோம். அவரு வெள்ளிக்கெழம போடுவாரு. எங்கெங்கன்னு எங்கிட்டச் சொல்லிருவாரு. ரெண்டு ராத்திரிக்குள்ள மாட்டுனது அவருக்கு. ஞாயித்துக்கெழம நான் போய் அறுத்துருவேன். உசுரோட கெடக்கிறது எனக்கு.”

கொட்டிலுக்குள், கழுத்தில் கம்பித் தழும்போடு மூன்று நாய்கள் படுத்திருந்தன. அந்த மனிதர் போட்ட கூரைக்குக் கீழே.

“ஏன் இப்ப மட்டும் சொன்னீங்க?”

“நாய் எங்கிட்ட வந்துரும் தம்பி. புண்ணோட வந்தாலும் வந்துரும். அதோட குட்டி யாருகிட்டப் போகும்?” பிறகு, “குட்டி கெடைச்சுச்சாமா?” என்று கேட்டார்.

கிடைக்கவில்லை. காடு முழுக்கத் தேடினார்கள். அதற்குப் பிறகு பேசிய ஒவ்வொரு முறையும் அவர் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன்.

லயத்தில் அவரோடு பேச்சு நின்றது. புருசனைக் காட்டிக் கொடுத்தவள் என்று பெயர். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனால் பெண்கள் விலகி நிற்கிறார்கள். அந்தக் கறியை வாங்கித் தின்ற வீடுகள் எவையென்று அவருக்குத் தெரியும். யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. மகள்களில் மூத்தவள் போனில் அழுது, பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டாள். அழகன் விளக்கமறியல் சிறையில் இருந்தபோது பேச்சியம்மா ஹட்டனுக்கு பஸ் ஏறி, சோற்றுப் பார்சலோடு நீதிமன்ற வாசலில் நின்றார். அழகன் வாங்கிக்கொண்டார். இருவரும் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். “உப்பு சரியான்னு கேட்டேன். சரின்னாரு.”

வழக்கு நடக்கிறது. அழகன் இப்போது பிணையில் வந்திருக்கிறார். நாங்கள் போனால் வெளியே வருவதில்லை. நிரோஷன் இரண்டு மாதம் அந்தப் பக்கமே வராமலிருந்து, பிறகு வந்தான். ஊசி போட்டான், சாயம் குடிக்கவில்லை.

போன ஞாயிறு காட்டோரத்துக்குப் போகப் பேச்சியம்மா கிளம்பினார், நானும் கிளம்பினேன். அங்கே வேறு ஆட்களும் சுருக்குப் போடுகிறார்கள். அவை எங்கே என்று சொல்ல ஆளில்லை. லயத்தைத் தாண்டியதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அழகன்.

“நானும் வர்றேன்” என்றார். தயங்கி, “மத்தவங்க எங்க போடுவாங்கன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

பேச்சியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மூவரும் ஏறினோம். தேயிலை முடிந்தது. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் இடுப்பளவு மானாப்புல். தரை தெரியவில்லை; சுருக்கு கிடந்தாலும் காலில் விழுந்த பிறகுதான் தெரியும்.

பேச்சியம்மா அங்கே நின்றார். பாதையைவிட்டு ஒரு எட்டு விலகி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கணவர் முன்னால் போகட்டும் என்று கையைக் காட்டினார்.