இரண்டு பேருக்கு ஒரு சேலை

கண்ணாத்தாளின் நிலத்தில் பருத்தி கொள்ளையாக வெடித்த வருஷம்தான் அவள் குடும்பம் நொடித்தது. பொன்னமராவதிச் சந்தையில் ஒருவரும் மூட்டையைத் தொடவில்லை. அமெரிக்காவில் பஞ்சு விலை விழுந்துவிட்டதாம்.

"அங்கிட்டு மழை பேஞ்சா இங்கிட்டு ஏன் சளி புடிக்குது?" என்று வியாபாரியைக் கேட்டாள். நிலம் கைவிட்டுப் போனது. புருஷன் அடைக்கலம் ரங்கூனுக்குக் கப்பலேறினான். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த பிறகு அவனிடமிருந்து கடிதமும் வரவில்லை.

கண்ணாத்தாள் ஊர் எல்லையில் இருந்த பஞ்சு மில்லில் சேர்ந்தாள். கொட்டை நீக்கிய பஞ்சில் சருகு பொறுக்கும் வேலை. கூட வேலை பார்த்த ஆரோக்கியம்மாளும் தனிக்கட்டை. மில் வாசலுக்கு எதிரே ஒரே குடிசையில் இருவரும் குடியிருந்தார்கள்.

யுத்தம் முற்றியதும் பஞ்செல்லாம் பட்டாளத்துக்குப் போயிற்று. அளந்து விற்கிற கண்ட்ரோல் கடையில் துணி வருவதே நின்றது. நாற்பத்து நாலில் அந்தக் குடிசையில் வெளியே உடுத்திப் போக ஒரே ஒரு சேலைதான் மிஞ்சியிருந்தது. காலை ஷிப்டுக்குக் கண்ணாத்தாள் கட்டிக்கொண்டு போவாள். அவள் வந்து அவிழ்த்துக் கொடுத்ததும் மதிய ஷிப்டுக்கு ஆரோக்கியம்மாள் ஓடுவாள்.

ஒருநாள் மேஸ்திரி சூசைராஜ் மில் வாசலில் ஆரோக்கியம்மாளை மறித்தார். "ஏ ஆரோக்கியம், இது கண்ணாத்தா சேலையில்ல? எப்ப களவாண்ட?"

இல்லாமையைச் சொல்வதைவிடத் திருடி என்று பெயர் வாங்குவதே தேவலை என்று நின்றாள்.

குடிசைக்குள் கண்ணாத்தாளுக்கு அது கேட்டது. உடம்பில் கந்தல்தான் இருந்தது. மூலையில் கிடந்த கோணிச் சாக்கை உதறிச் சுற்றிக்கொண்டு, பட்டப்பகலில் ரோட்டைக் கடந்து வந்தாள்.

"மேஸ்திரி, நான்தான் அவளுக்குக் கட்டிவிட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் இந்த ஒண்ணுதாங்க. நாள் முச்சூடும் பஞ்சுல கெடக்குறோம், மானத்த மறைக்க முழத்துணி இல்ல. நல்லா பாத்துக்கிடுங்க!"

சூசைராஜ் தலை குனிந்துகொண்டார். மில்லுக்குள் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்கு வந்தார்கள். பஞ்சைத் தொட ஆளில்லாமல் மில் நின்றது. மூன்று நாள் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. நாலாம் நாள் முதலாளி ஆள் அனுப்பித் துணிக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பத்து நாளில் ஆளுக்கு ஒரு முரட்டுச் சேலை வந்தது.

மறுநாள் காலை இருவரும் ஒரே ஷிப்டுக்குப் போனார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வருஷமாயிற்று. ஆரோக்கியம்மாள் ஓயாமல் எதையோ பேசிக்கொண்டே இருந்தாள். மிஷின் இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. கண்ணாத்தாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு சருகு பொறுக்கினாள்.