பறந்து வரும் ராக்கெட்டுக்கு ஒரு சேவ்

"சேவ் போடாம ஒரு கதவையாச்சும் திறந்திருக்கியாக்கா?" என்று தம்பி ஜேடன் கேட்டான். ஆட்ரி யோசித்துக்கொண்டிருக்கும்போதே இடது கைவிரல் கீபோர்டின் மேல்வரிசைக்குப் போய், விளையாட்டை நின்ற இடத்திலேயே பதிந்துவைக்கும் சேவ் கீயான எஃப்-ஆறை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிட்டது. திரையில், எதிரே ஒரு கதவு.

தேஹு ரோடு என்ற ஊரில், ஒரு பள்ளியில் ஆட்ரி கணக்கு டீச்சர். கரும்பலகையை அழிக்குமுன் அதை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்வார். வீட்டைப் பூட்டியதும் பூட்டுக்கு ஒரு ஃபோட்டோ. ஷேர் ஆட்டோவில் ஏறுமுன் "ஆகுர்டி ஜாயேகா நா?" என்று இந்தியில் போகுமிடத்தைக் கேட்பார், ஏறி உட்கார்ந்த பிறகும் ஒருமுறை கேட்பார். உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

சாயங்காலம் பையைக் கீழே வைத்ததும் கம்ப்யூட்டர்தான். ஜேடன் குழந்தையாக இருந்த காலத்தில் வந்த துப்பாக்கி விளையாட்டு ஒன்றை, படங்களைத் துலக்கி மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். புதிய பதிப்பு ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் தானாகவே சேவ் செய்துகொள்ளும். ஆட்ரி அதை முதல் நாளே அணைத்துவிட்டார். "நான் எங்கேர்ந்து திரும்ப ஆரம்பிக்கணும்னு அது யாரு சொல்லுததுக்கு?" நாலைந்து அடிக்கு ஒரு சேவ் போடுவார், அதையும் பழையதை அழித்து அதன் மேலேயே போடுவார். ஆனால் விளையாட்டின் கடின அளவை மட்டும் உச்சத்திலிருந்து இறக்க மாட்டார். "டிரிக்னாமெட்ரி வரலன்னா பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்கா நடத்துதேன்?"

கம்ப்யூட்டர் ஜேடனுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பாணேரில் நண்பர்களோடு எடுத்த வீட்டுக்குக் குடிபோகிறான். அக்காவும் தம்பியும் கோயிலுக்குப் போய்வந்தபோதே வாசலில் டெம்போ நின்றது. கட்டில் ஏறியாயிற்று, பீரோ ஏறியாயிற்று. கம்ப்யூட்டர் மட்டும் பாக்கி. ஆட்ரிக்குக் கடைசிக் கட்டம் பாக்கி. இன்று முடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கதவு திறந்தது. உள்ளே ஓர் உறுமல். பயந்தால் ஆட்ரி முதலில் சுட மாட்டார், சேவ்தான் போடுவார். போட்டார். அதற்குள் ராக்கெட் மூக்குக்கு நேரே வந்திருந்தது. செத்தார். லோடு செய்தார். மூக்குக்கு நேரே ராக்கெட். செத்தார். கையில் இருந்த ஒரே சேவ் அதுதான். பல வாரத்து விளையாட்டு முழுவதும் ஓர் அரை நொடிக்குள் போய் மாட்டிக்கொண்டது.

"அரே! பறந்து வர்ற ராக்கெட்டையா சேவ் பண்ணுவாங்க?" ஜேடன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "ஈஸில போடுக்கா, ராக்கெட் மெதுவா வரும். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், பக்கா."

"வாய மூடிட்டு அந்த வயரச் சுருட்டு."

கீழேயிருந்து ஹார்ன், கூடவே டெம்போக்காரர் அவசரப்படுத்தும் குரல். "பையா, ஜல்தி கரோ!"

ஆட்ரி எழுந்தார், தண்ணீர் குடித்தார், ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார். லோடு ஆவதற்கு முன்பே இடப்பக்கம் நகரும் கீயை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். செத்தார். குதிக்கும் கீயையும் சேர்த்துப் பிடித்தார். செத்தார். இன்னும் கொஞ்சம் முந்திப் பிடித்தார். மறுபடி, மறுபடி. ஜேடனின் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. முட்டி போட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்திருந்தான்.

ஒரு தடவை ராக்கெட் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்சுவரில் வெடித்தது. உயிர் மூன்று சதவீதம். அதை வைத்துக்கொண்டே ஆட்ரி உள்ளே பாய்ந்து, உறுமியதைச் சுட்டுச் சாய்த்தார். எதிரே கடைசிக் கதவு.

"போடு! இப்பப் போடுக்கா சேவ!" கத்தியது ஜேடன்.

சேவ் போடாமல் எந்தக் கதவையும் திறக்காத ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அவரிடம் இதைச் சொல்லுங்கள். கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது வேண்டாம். ஆட்ரி கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, எஃப்-ஆறின் மூடியை நெம்பிக் கழற்றி, தம்பியின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மடக்கிவிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள்.