நாலாம் கட்டிலுக்கு மேலே பச்சைப் பெயின்ட்

இலங்கையின் கஹவத்தைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்திடமிருந்து அரசாங்கம் பொறுப்பேற்ற சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்தொரு வருடமாக வார்டைக் கூட்டித் துடைப்பவள் புஷ்பம். நாலாம் கட்டில் அவள் புருஷன் ஏழுமலைக்கு எழுதி வைத்த சொத்து மாதிரி. மழை வந்தால் மூச்சிளைப்பு. இளைப்பு வந்தால் நாலாம் கட்டில். அதற்கு நேர் மேலேதான் அஸ்பெஸ்டோஸ் சீட் வெடித்துக் கிடந்தது. மழை நாளில் தண்ணீர் ஒழுகும். வெயில் நாளில் தூள் விழும், குறி தவறாமல் அவன் மார்பில்.

சுகாதாரக் கட்டடங்களின் அஸ்பெஸ்டோஸைப் பரிசோதிக்க அரசாங்கம் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது, கூரை மோசம் என்று எழுதினால் புதுக்கூரை என்று கேள்விப்பட்ட அன்று புஷ்பம் சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

ஆனால் பெரிய மனிதர் வருகிறார் என்றால் நம் சனங்களின் கை சும்மா இருக்குமா? மருத்துவ உதவியாளர் கிருஷ்ணகுமார் பறந்தார்.

“புஷ்பக்கா, கொழும்பு ஆளுங்க வாராங்க. மானத்த வாங்கிறாதீங்க. வார்டு பளபளன்னு இருக்கணும்!”

மேசை மேல் மேசை போட்டு ஏறினாள். கம்பிப் பிரஷ்ஷால் சீட்டைத் தேய்த்தாள். வெடிப்பில் புட்டி அப்பி, தேயிலை ஃபெக்டரியில் மிஞ்சிய பச்சைப் பெயின்டை இரண்டு நாள் பூசினாள். தூள் மாவாய்க் கொட்டியது. ஐயோ, பேதை! புருஷனின் புதுக்கூரைக்குத் தன் கையாலேயே சமாதி கட்டுகிறோம் என்று அறியாமல் பாட்டு வேறு பாடினாள்.

கம்பெனி ஆய்வாளர் செல்வரத்தினம் வந்து இறங்கினார். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கையுறை, மூக்கும் வாயும் தெரியாத மாஸ்க். சந்திரனுக்குப் போகிறவர் வழி தவறி வந்தது போலிருந்தது. இடுப்பில் சாரத்தோடும் வெற்று மார்போடும் ஏழுமலை கட்டிலில் இருமினான். ஆய்வாளர் காற்றிலுள்ள தூளைப் பிடித்து அளக்கும் பெட்டியைக் கட்டிலுக்குத் தள்ளிக் கதவோரம் வைத்தார். கூரையைப் பார்த்தார். எழுதினார்.

“கூரை வடிவாக் கிடக்குது. மாத்தத் தேவையில்லை. வருசத்துக்கு ஒருக்கா வந்து பாத்தாப் போதும்.”

அவர் நியாயம் அவருக்கு. கம்பெனிக்குக் கிடைத்தது ஐந்து வருடக் கண்காணிப்பு ஒப்பந்தம். கூரையைக் கழற்றிவிட்டால் கண்காணிக்க வானம்தானே மிஞ்சும்?

புஷ்பம் ஓடி வந்து கூரையைக் காட்டினாள். “ஐயா, உள்ள வெடிச்சிருக்குங்க! நாந்தான் புட்டி வச்சுப் பெயின்ட் அடிச்சேன்!”

“அதை எழுதப் படிவத்தில இடமில்லையம்மா. வார்டில வேலை செய்யிற ஆளின்ர சாட்சிக் கையெழுத்து வேணும். போடுங்கோ.”

“போடுங்கக்கா, சேருக்கு லேட்டாகுது” என்று கிருஷ்ணகுமார் பேனாவை நீட்டினார்.

புஷ்பம் பேனாவை வாங்கினாள். கணவனின் விலா எலும்புகள் ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

“போடுறேனுங்க. அதுக்கு முன்னால அந்த உடுப்பையும் மூஞ்சி மூடியையும் கழட்டிட்டு, இந்தக் கட்டில்ல அஞ்சு நிமிசம் படுங்க. எங்க வீட்டுக்காரரு எடம் குடுப்பாரு.”

ஏழுமலை நிசமாகவே எழுந்து விரிப்பைத் தட்டினான். “வாங்க சேர், வெக்கப்படாதீங்க. தலகாணிதான் கொஞ்சம் ஈரம்.”

வார்டே சிரித்தது. செல்வரத்தினத்தின் கை மாஸ்க்குக்குப் போனது. கழற்றவில்லை, இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டது.

அவர் படிவத்தைத் திருப்பி வாங்கி, எழுதியதை வெட்டிவிட்டு, “சேதமடைந்துள்ளது, மாற்றப்பட வேண்டும்” என்று எழுதினார். அதைக் கிருஷ்ணகுமாரை இரண்டு தடவை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் புஷ்பம் ஒப்பமிட்டாள்.

அன்றைக்கே நாலாம் கட்டிலை வெளி விறாந்தைக்கு இழுத்துப் போட்டாள். அரசாங்கக் கூரை எத்தனை மழைக்குப் பிறகு வரும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?